மே மாதம் 35-ஆம் நாள்!

மே மாதத்திற்கு எத்தனை நாள் என்று கேட்டால், ஐந்தாம் வகுப்புச் சிறுவன் தயங்காமல் 31 என்பான். 35 என்று எவனேனும் எழுந்து கூறினால் வகுப்பே கொல்லென்று சிரிக்கும். பாடம் நடத்தும் நாம் அவனைத் திருத்தி உட்கார வைப்போம்.

ஆனால், சீன நாட்டிலே கல்லூரி கண்டவரும் கணக்கில் வல்லவரும் மே மாதம் 35-ஆம் நாள் என்று எழுதினர். எழுதியோர் பித்தரல்லர். படித்தோர் அதனைப் பிழையென்று கருதவுமில்லை. மே 31-க்கு மேல் நான்கு நாட்களை எண்ணிப் பாருங்கள், ஜூன் 4 வரும். அந்த நாளின் பெயரை அந்த நாட்டில் எழுதலாகாது. எழுதினால் எழுத்து அழிக்கப்படும். ஆகவே, நாட்காட்டியில் இல்லாத ஒரு நாளைப் படைத்து, மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட நாளை அதனுள்ளே ஒளித்து வைத்தனர்.

சிரிப்பு வருகிறது. ஆனால், அச் சிரிப்பின் அடியிலே குருதி உறைந்து கிடக்கிறது!

செய்தித்தாளும், வானொலியும், தொலைக்காட்சியும், இணையமும் ஆட்சியின் கைப்பிடிக்குள் அடங்கிவிட்ட நாட்டில், கேலி என்ன வேலை செய்கிறது? மக்களின் நினைவை அது காக்கிறதா? காக்கும் என்றால் எவ்வளவு? எதுவரை? இதுவே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

"சீனத்துக் கதை நமக்கெதற்கு?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. "சீனத்தைக் குறை கூறுவது அமெரிக்க வல்லரசுக்கு வெண்சாமரம் வீசுவதாகாதா?" என்று கேட்போரும் உண்டு. முதற் கேள்விக்கு இறுதியில் விடை கூறுவோம். இரண்டாவதற்கு இங்கேயே கூறிவிடுவோம். 1932-இல் சோவியத் நாட்டை நேரில் கண்டு, பொதுவுடைமையின் நற்கூறுகளைத் தமிழருக்கு எடுத்துரைத்தவர் பெரியார். அவர் வழி நடப்போர் சமதர்மத்தின் பகைவராக இருக்க முடியாது. ஆனால், எவர் சொல்லையும் எண்ணிப் பார்த்தே ஏற்க வேண்டும் என்று கற்பித்தவரும் அவரே. எண்ணுவதைக் குற்றமாக்கும் ஆட்சி எந்தக் கொடியை ஏந்தினால் என்ன? கொடியின் நிறத்தைப் பார்த்துக் கொடுமையை மன்னிப்பது பக்தனின் வேலை. பகுத்தறிவாளனின் வேலை அன்று.

பறிக்கப்பட்ட நாள்

1989 ஏப்ரல் 15-இல் ஹூ யாவ்பாங் மறைந்தார். சீர்திருத்த நோக்குடையவர் என்று பெயர் பெற்றவர். 1987-இல் கட்சியின் பொதுச் செயலாளர் பொறுப்பினின்று இறக்கப்பட்டவர். அவருக்கு அஞ்சலி செலுத்தப் பெய்ஜிங் நகரின் தியானன்மென் சதுக்கத்திலே மாணவர் கூடினர். அஞ்சலி, கோரிக்கையாக வளர்ந்தது. ஊழலை ஒழியுங்கள், பேச்சுரிமை தாருங்கள், ஏடுகளுக்கு விடுதலை தாருங்கள் என்றனர். உண்ணாநோன்பு இருந்தனர். தொழிலாளரும் துணை சேர்ந்தனர். ஜூன் 3 இரவில் படை புறப்பட்டது. ஜூன் 4 விடிவதற்குள் துப்பாக்கிகள் பேசி முடித்துவிட்டன. மாண்டோர் சில நூறு என்பர் சிலர். ஆயிரக்கணக்கில் என்பர் வேறு சிலர். முழுக் கணக்கை எடுக்க அந்த ஆட்சி எவரையும் இதுவரை விட்டதில்லை.

சுட்டது ஓர் இரவு. மறக்கடிக்கும் வேலையோ ஆண்டுதோறும் நடைபெறுகிறது. பள்ளி நூலில் அந்த நாள் இல்லை. ஏட்டில் இல்லை. இணையத்தில் தேடினால் கிடைப்பதில்லை.

இந்த அழிப்புத் தொழில் நடைபெறும் முறையை நம் இளைஞர் அறிந்துகொள்ள வேண்டும். அதிகாரி ஒருவர் சிவப்பு மையுடன் அமர்ந்து வரிவரியாக அடிக்கிறார் என்று எண்ணற்க. அந்தக் காலம் மலையேறிவிட்டது. இணைய நிறுவனங்களே தணிக்கையாளரைச் சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டும். தடைச் சொற்களின் பட்டியலை வைத்துக்கொள்ள வேண்டும். தவறினால் தண்டம் கட்ட வேண்டும். பூனைக்குப் பால் வார்க்கும் செலவும் எலியின் தலையிலே! நாட்டுக்கு வெளியே பேசப்படுவது உள்ளே வராதிருக்க, 2009 முதல் ஃபேஸ்புக்கும் டுவிட்டரும் அங்கே அடைக்கப்பட்டுவிட்டன. 2013-இல் நீதித்துறை ஒரு விளக்கம் வெளியிட்டது: அவதூறு என்று கருதப்படும் ஒரு செய்தியை 500 பேர் எடுத்துப் பரப்பினாலோ, 5,000 பேர் பார்த்தாலோ, எழுதியவர் மூன்றாண்டு வரை சிறை செல்லக்கூடும். எழுதுகிறவன் பொய் எழுதினானா என்பதைவிட, எத்தனை பேர் படித்தனர் என்பதே ஆட்சியின் கவலை!

ஓடும் சொல், துரத்தும் ஆட்சி

இந்த வலைக்குள் பிறந்ததுதான் மே 35. அதனையும் ஆட்சி கண்டுகொண்டது. அதுவும் தடைச் சொல்லாயிற்று. உடனே, எட்டின் வர்க்கம் என்றனர். எட்டெட்டு 64, ஆறாம் மாதம், நான்காம் நாள்! ரோமானிய எண்களில் ஆறையும் நான்கையும் ஒட்டி எழுதினர். மெழுகுவத்தியின் சிறு படத்தை மட்டும் இட்டனர். மெழுகுவத்தியும் தடைசெய்யப்பட்டது.

1989 ஜூன் 5 அன்று, கையில் பைகளுடன் டாங்கிகளின் வரிசையை மறித்து நின்ற ஒற்றை மனிதனின் படத்தை உலகமே அறியும். 2013-இல், டாங்கிகள் இருந்த இடத்தில் மஞ்சள் நிற ரப்பர் வாத்துகளை வைத்து அப்படத்தை மாற்றிப் பரப்பினர். குழந்தைகள் குளிக்கும் தொட்டியில் மிதக்கும் வாத்து, நான்கு பெரும் வாத்துகளாக ஒரு மனிதனை நோக்கி அணிவகுத்து வந்தது. அவ்வாண்டு ஜூன் 4-இல் "பெரிய மஞ்சள் வாத்து" என்பதே தேடக்கூடாத சொல்லாயிற்று. டாங்கியைக் கொண்டு மக்களை அச்சுறுத்திய ஆட்சி, வாத்தைக் கண்டு அஞ்சிற்று!

இதனினும் விந்தை 2012-இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜூன் 4 அன்று ஷாங்காய் பங்குச் சந்தையின் குறியீடு 64.89 புள்ளிகள் சரிந்தது. ஆறு, நான்கு, எண்பத்தொன்பது! தெய்வச் செயல் என்று நம்மூர்ப் பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பர். நாம் தற்செயல் என்போம். ஆனால், அன்று பங்குச் சந்தைக் குறியீடு என்ற சொல்லையே தேட முடியாமல் அடைத்தார்களே, அது தற்செயலன்று. எண்கள்கூடத் தன்னைக் கேலி செய்வதாக ஓர் ஆட்சி நடுங்கிற்று. நினைவை அழிக்கப் புறப்பட்டவர்கள், அழிக்க வேண்டியவற்றை ஒவ்வோராண்டும் தாமே நினைத்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

சிலேடையின் புதுத் தொழில்

இரட்டுறமொழிதல் நமக்குப் புதிதன்று. சிலேடை என்றதும் காளமேகத்தின் பெயர் நம் நாவில் வரும். பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டு என்று தமிழாசிரியர்கள் சுவைபடச் சொல்லக் கேட்டிருக்கிறோம். புலமை பெரிதுதான், ஆனால், நம் நாட்டில் அப்புலமை பெரும்பாலும் கோயில் வாயிலிலும் கொடையாளி வாயிலிலுமே காத்துக் கிடந்தது. சீனத்திலோ, சிலேடை இன்று தெருவிலே நின்று ஆட்சியோடு மல்லுக்கட்டுகிறது.

அம்மொழியின் அமைப்பே அதற்கு இடம் தருகிறது. சீனத்தில் ஒலி ஒன்றாகவோ ஏறத்தாழ ஒன்றாகவோ இருக்க, எழுத்தும் பொருளும் வேறாக உள்ள சொற்கள் ஏராளம். தணிக்கைப் பொறி எழுத்தைத் தேடுகிறது; மனிதன் ஒலியைக் கேட்கிறான். அந்த இடைவெளியிலே கேலி குடியேறிற்று.

ஹூ ஜிந்தாவ் ஆண்ட காலத்தில் "இணக்கமான சமுதாயம்" என்பது ஆட்சியின் முழக்கம். இணக்கத்தின் பெயரால் எழுத்துகள் அழிக்கப்பட்டன. தம் கட்டுரை அழிக்கப்பட்டால், "இணக்கமாக்கப்பட்டேன்" என்று மக்கள் கூறலாயினர். அதுவும் கண்காணிக்கப்பட்டபோது, இணக்கம் என்ற சொல்லோடு ஒலியொத்த "ஆற்று நண்டு" வந்தது. அந்நாட்டு வழக்கில் பக்கவாட்டில் நடக்கும் நண்டு, அடாவடிக்காரனுக்கு உவமை. ஒரே சொல்லில் முழக்கமும் வந்தது, முழக்கமிடுபவரின் குணமும் வந்தது! 2010-இல் ஓவியர் ஆய் வெய்வெய்யின் ஷாங்காய்க் கலைக்கூடத்தை இடிக்க ஆணை பிறந்தபோது, அவர் அங்கே ஆற்று நண்டு விருந்துக்கு மக்களை அழைத்தார். அவரைப் பெய்ஜிங்கில் வீட்டுக் காவலில் வைத்தனர். நூற்றுக்கணக்கானோர் அவரில்லாமலேயே கூடி நண்டு தின்றனர். 2011 ஜனவரியில் கலைக்கூடம் இடிக்கப்பட்டது. கட்டடம் போயிற்று, நண்டு நின்றது.

இனி, குறையையும் கூறுவோம். 2009-இல் புகழ் பெற்றது "புல் மண் குதிரை" என்ற கற்பனை விலங்கு. பாலைவனத்தில் வாழ்கிறதாம், ஆற்று நண்டு அதன் பகையாம், குழந்தைகளின் குரலில் அதற்குப் பாட்டு வேறு. அதன் பெயரை ஒலித்துப் பார்த்தால், எதிரியின் தாயை இழிக்கும் கொச்சை வசையாகும். ஆபாசத்தை ஒழிக்கிறோம் என்ற பெயரில் அரசியல் எழுத்தை ஆட்சி ஒழித்த நேரத்தில் இது பிறந்தது என்பதை நாம் அறிவோம். அப்பாவி விலங்கின் உருவில் வசை உலவுவது சூழ்ச்சித் திறம் மிக்கது என்பதையும் ஒப்புகிறோம். எனினும் கேட்கிறோம்: ஆட்சி செய்த குற்றத்திற்குத் தாய் என்ன செய்தாள்? ஆடவன் ஆடவனைத் தாக்கப் பெண்ணின் உடலை ஆயுதமாக்குவது, எந்த ஆதிக்கத்தை எதிர்க்கிறோமோ அதைவிடப் பழைய ஆதிக்கமல்லவா? தணிக்கையின் தளையை அறுத்த கை, ஆண்மைச் செருக்கின் தளையைத் தொடவில்லை. நண்டின் கேலி ஆள்வோரைத் தைத்தது. குதிரையின் கேலியோ பாதி வழியில் பெண்ணையும் இடறிச் சென்றது. முன்னதைப் போற்றுவோம், பின்னதற்குக் கைதட்டும்போது சற்றே யோசிப்போம்.

புகழப்படும் லூ சுன், மறுக்கப்படும் லூ சுன்

இந்தக் கேலிக்கு அந்நாட்டில் ஒரு மூதாதை உண்டு. புதுச் சீன இலக்கியத்தின் தந்தை எனப்படும் லூ சுன் (1881–1936). மூடப்பழக்கத்தையும் அடிமை மனத்தையும் சாடியவர். கோமிந்தாங் ஆட்சியின் தணிக்கையினின்று தப்ப நூற்றுக்கும் மேற்பட்ட புனைபெயர்களில் எழுதியவர். மாவோ அவரைப் புகழ்ந்தார். பள்ளி நூல்களில் அவர் இடம் பெற்றார். ஆனால், 1942-இல் ஏனான் நகரில் கலை இலக்கியம் பற்றி ஆற்றிய உரைகளில், மக்கள் கைக்கு வந்த பகுதிகளில் லூ சுன்னின் சுடுசொல் நடைக்குத் தேவையில்லை என்று அதே மாவோ கூறிவிட்டார். பகைவனைச் சுட அந்த நடை வேண்டும், நம்மைச் சுடக்கூடாது!

சிலைக்கு மாலை, சிந்தனைக்கு விலங்கு. சிலையாக்கப்படும் சீர்திருத்தக்காரர் எல்லோருக்கும் காத்திருக்கும் ஆபத்து இது. நமக்கும் சேர்த்தே கூறுகிறோம்.

மருத்துவரின் கையொப்பம்

வூகான் நகர மைய மருத்துவமனையின் கண் மருத்துவர் லி வென்லியாங். 2019 டிசம்பர் 30-இல், ஒரு புதுவகை நிமோனியா பரவுவதைக் கண்டு, உடன் படித்த மருத்துவ நண்பர்களை எச்சரித்தார். வதந்தி பரப்பியதாக எட்டுப் பேர் மீது நடவடிக்கை என்று அரசுத் தொலைக்காட்சி அறிவித்தது. 2020 ஜனவரி 3-இல் காவல் நிலையத்திற்கு அழைக்கப்பட்ட லி, கண்டன ஓலை ஒன்றில் கையொப்பமிட்டார். அதில் இரு கேள்விகள்: இனி இப்படிச் செய்யாதிருக்க முடியுமா? புரிந்ததா? அவர் தம் கையால் எழுதினார்: முடியும், புரிந்தது.

அதே நோய் தொற்றி, 2020 பிப்ரவரி 7-இல் மாண்டார். நாடு கொதித்தது. மக்கள் முகக்கவசத்தின் மீது இரண்டு சொற்களை எழுதிப் படம் எடுத்துப் பரப்பினர்: முடியாது, புரியவில்லை.

இதனை நாம் மிக உயர்ந்த கேலி என்போம். உவமை இல்லை, வருணனை இல்லை, வசை இல்லை. ஆட்சி எழுதிய கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு, விடையை மட்டும் மாற்றினர். ஒருவரைத் தனியே அழைத்து அச்சுறுத்தி வாங்கிய விடையை, பல்லாயிரவர் கூடித் திருப்பித் தந்தனர். அவருடைய வெய்போப் பக்கத்தின் கடைசிப் பதிவின் கீழ் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். காலை வணக்கம் சொன்னவர், தேர்வுக்குப் போகிறேன் என்றவர், வேலை போயிற்று என்றவர் எல்லாரும் அங்கே வந்தனர். ஆட்சி என்ன செய்தது? 2020 மார்ச்சில் கண்டன ஓலையைத் திரும்பப் பெற்றது. ஏப்ரலில் அவரைத் தியாகி என்று அறிவித்தது. எச்சரித்தபோது குற்றவாளி; எரித்த பின் தியாகி!

அவருடைய மருத்துவமனையிலேயே அவசரப் பிரிவின் தலைவராக இருந்தவர் மருத்துவர் ஆய் ஃபென். சக மருத்துவர்களுக்கு முதலில் செய்தி தந்தவர் அவர். சீனத்து இதழ் ஒன்று 2020 மார்ச் 10-இல், "ஊதல் தந்தவர்" என்ற பொருள்பட அவரைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டது. சில மணி நேரத்தில் அது அழிக்கப்பட்டது. பின் நடந்தது இலக்கிய உலகம் அதுவரை காணாதது. கட்டுரையைப் பின்னிருந்து முன்னாக எழுதினர். மோர்ஸ் தந்திக் குறியில் எழுதினர். பார்வையற்றோரின் பிரெயில் புள்ளிகளில் எழுதினர். பழங்கால எலும்பு எழுத்தில் எழுதினர். சொற்களுக்கு மாற்றாகச் சிறு சிறு படங்களை அடுக்கி எழுதினர். கற்பனைக் கதையில் வரும் குள்ளத் தேவதையரின் மொழியிலும் எழுதினர்.

இவற்றுள் பலவற்றை எவரும் முழுதாகப் படிக்க இயலாது. பின் எதற்கு அவ்வளவு உழைப்பு? படிப்பதற்காக மட்டும் அவை எழுதப்படவில்லை. "அழிக்க முடியாது" என்று காட்ட எழுதப்பட்டன. அழிப்போரையே ஒவ்வோர் எழுத்தாகக் கற்றுப் படிக்க வைத்தது அக் கேலி.

கேலியின் எல்லை

இவ்வளவும் புகழ்ந்த பின், கசப்பான ஓர் உண்மையைக் கூறியாக வேண்டும். செய்தியாளர் லூயிசா லிம், 2014-இல் வெளிவந்த தம் நூலுக்காகப் பெய்ஜிங் பல்கலைக்கழக மாணவர் 100 பேரிடம், டாங்கிகளை மறித்த மனிதனின் படத்தைக் காட்டிக் கேட்டார். 15 பேருக்கு மட்டுமே அது என்னவென்று தெரிந்தது. எஞ்சிய 85 பேருக்குத் தெரியவில்லை. அந்த நிகழ்ச்சி நடந்த நகரத்திலே! மாணவர் நடத்திய போராட்டத்தை அறியாதவர்கள் மாணவர்களே!

வாத்துப் படம் அவர்களிடம் சென்றால் என்ன ஆகும்? வாத்தைப் பார்த்துச் சிரிப்பர். அதற்கு மேல் ஒன்றுமில்லை. மே 35 என்று படித்தால், எவனோ பிழையாக எழுதினான் என்று நகர்ந்துவிடுவர். சிலேடையில் இரண்டாம் பொருள் வேலை செய்ய, கேட்பவனுக்கு அந்தப் பொருள் முன்னமே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே கேலி, நினைவை வைத்துப் பூட்டும் பெட்டி. திருடன் கையில் சிக்காமல் அது காக்கும். ஆனால், சாவி இல்லாத பிள்ளைக்கும் அது திறக்காது!

நகையாடி எழுதும் நண்பர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். அறிந்தவரிடையே நினைவை அணையாமல் வைக்கக் கேலியால் முடியும். அறியாத தலைமுறைக்குக் கொண்டு சேர்க்க அதனால் மட்டும் முடியாது. அதற்கு வேறொருவர் வேண்டும். பெயர்களை எழுதி வைப்பவர் வேண்டும். தேதியைச் சொல்லிக் கொடுப்பவர் வேண்டும். படத்தைப் பெட்டியின் அடியில் வைத்து மகனிடம் தருபவர் வேண்டும்.

அத்தகையோர் அந்நாட்டிலும் உண்டு. பேராசிரியர் டிங் ஸிலினின் மகன், 17 வயதுப் பள்ளி மாணவன், 1989 ஜூன் 3 இரவில் சுட்டுக் கொல்லப்பட்டான். அத்தாய் அழுது அடங்கவில்லை. பிள்ளையை இழந்த பிற பெற்றோரைத் தேடிச் சென்றார். தியானன்மென் அன்னையர் என்ற குழு உருவாயிற்று. கண்காணிப்புக்கும் மிரட்டலுக்கும் இடையே, மாண்டோரில் 200-க்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் திரட்டினர். தாயை வசைச் சொல்லாக்கிய குதிரையை மேலே கண்டோம். தாயர் செய்த வேலையையும் இங்கே காண்கிறோம். எது பெரிது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

2008 மே 12-இல் சிச்சுவான் நிலநடுக்கம். ஏறத்தாழ 70,000 பேர் மாண்டனர். பள்ளிக் கட்டடங்கள் நொறுங்கிப் பிள்ளைகள் புதைந்தனர். அருகிலிருந்த வேறு கட்டடங்கள் நிற்க, பள்ளிகள் மட்டும் விழுந்த இடங்கள் உண்டு. சோயா மொச்சையை அரைத்துப் பாலெடுத்தபின் எஞ்சும் சக்கையைப் போன்ற கட்டடம் என்று மக்கள் எள்ளினர். அந்த எள்ளல் ஊழலைச் சுட்டியது. ஆனால், மாண்ட பிள்ளைகளின் பெயர்களை அதனால் தர முடியவில்லை. நண்டு விருந்துக்கு அழைத்த அதே ஆய் வெய்வெய், தொண்டர்களைத் திரட்டி ஊர் ஊராக அனுப்பி, 5,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பெயர்களைத் தொகுத்தார். 2009-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், 9,000 பள்ளிப் பைகளை ஒரு கட்டடத்தின் முகப்பில் அடுக்கி, மகளை இழந்த தாய் ஒருத்தியின் சொல்லை எழுத்தாக்கினார். இவ்வுலகில் ஏழாண்டுகள் அவள் மகிழ்வோடு வாழ்ந்தாள் என்பதே அத்தாய் சொன்னதன் பொருள். நாள்தோறும் பள்ளிப் பைகளின் நடுவே நிற்கும் நமக்கு, அதைப் படித்த அன்று பாடம் நடத்த மனம் வரவில்லை.

கேலியும் கணக்கும் ஒரே மனிதரிடம் கைகோத்தபோது ஆட்சிக்கு அச்சம் பன்மடங்காயிற்று. சாவியை வைத்திருப்போரை ஆட்சி விடுவதில்லை. அழிக்கப்பட்ட கட்டுரைகளைச் சேமித்து வைத்த குற்றத்திற்காக, பெய்ஜிங்கில் இரு இளைஞர்கள் 2020-இல் கைதாகி, 2021-இல் 15 மாதச் சிறைத் தண்டனை பெற்றனர். ஹாங்காங் விக்டோரியா பூங்காவில் ஆண்டுதோறும் ஜூன் 4 மாலையில் மெழுகுவத்தி ஏந்திப் பெற்றோர் பிள்ளைகளோடு கூடினர். சீனத்தின் ஆட்சிக்குட்பட்ட மண்ணில் பேரளவில் அந்நாளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த வகுப்பறை அது. 2019-இல் நடந்ததே கடைசி. 2020-இல் தடை வந்தது.

கேலிக்கும் விலை உண்டு. 2023 மே மாதத்தில், மேடை நகைச்சுவைக் கலைஞர் ஒருவர், அணிலைத் துரத்திய தம் இரு நாய்களைக் கண்டபோது படையினரைப் புகழும் முழக்கம் நினைவுக்கு வந்ததாகக் கூறிவிட்டார். அவருடைய நிறுவனத்திடமிருந்து தண்டமும் பறிமுதலுமாக ஏறத்தாழ 1 கோடியே 47 லட்சம் யுவான் வாங்கப்பட்டது. ஒரு வாக்கியத்திற்கு இவ்வளவு விலை தரும் ஆட்சியைவிட, நகைச்சுவையை மதிக்கும் ஆட்சி உலகில் ஏது!

வெற்றுத் தாள்

2022 நவம்பர் 24-இல் உரூம்ச்சி நகரின் அடுக்குமாடி ஒன்றில் தீப்பிடித்துப் பத்துப் பேர் மாண்டனர். ஊரடங்கின் தடைகளே மீட்பைத் தாமதமாக்கின என்று மக்கள் கொதித்தனர். ஷாங்காயிலும் பெய்ஜிங்கிலும் பல்கலைக்கழகங்களிலும் இளைஞர் தெருவுக்கு வந்தனர். கையில் வெள்ளைத் தாள். அதில் எழுத்தே இல்லை!

எழுத்தைப் பறித்தாய், எண்ணைப் பறித்தாய், வாத்தையும் மெழுகுவத்தியையும் பறித்தாய், இதோ வெற்றுத் தாள், எதைப் பறிப்பாய் என்று கேட்டது அது. அந்தத் தாளைப் படிக்கக் காவலருக்கும் தெரிந்தது. அதனால்தான் கைது செய்தனர். மே 35 அறிந்தவருக்கு மட்டும் விளங்கிற்று. வெற்றுத் தாளோ எல்லோருக்கும் விளங்கிற்று. ஏனெனில், அழிக்கப்பட்ட நிகழ்ச்சியை அது சுட்டவில்லை. அழிப்பு என்ற செயலையே சுட்டியது. அதனைப் பட்டறியாதவர் அந்நாட்டில் எவருமில்லை. இரண்டு வாரத்திற்குள் ஊரடங்குக் கட்டுப்பாடுகள் பெருமளவு தளர்த்தப்பட்டன. தாள் ஒன்றே அதனைச் செய்தது என்று கூறோம். நோயின் வேகமும் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்தே செய்தன. ஆனால், தாளும் அதில் இருந்தது.

நமக்கு என்ன?

முதற் கேள்விக்கு வருவோம். சீனத்துக் கதை நமக்கெதற்கு?

1976 ஜனவரி 31-இல் கழக ஆட்சி கலைக்கப்பட்டது. நெருக்கடி நிலையின் தணிக்கை தமிழகத்தின் மீதும் முழுதாக இறங்கிற்று. கைதானவர் யார் யாரென்று வெளியிட வழியில்லை. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அண்ணா சதுக்கத்திற்கு மலர்வளையம் வைக்க வர இயலாதோர் என்று ஒரு பட்டியலை முரசொலி வெளியிட்டது. தணிக்கையாளர் அஞ்சலிச் செய்தி என்று கண்டார். தோழர்கள் சிறைப்பட்டோர் பட்டியலைக் கண்டனர். வாத்துப் படத்திற்கு 37 ஆண்டுகள் முன்பே, நம் ஊரிலே நிகழ்ந்தது இது.

இன்று அந்தப் பட்டியலை நம் மாணவர் ஒருவரிடம் காட்டிப் பாருங்கள். நினைவு நாளுக்கு வராத சோம்பேறிகளின் பட்டியலோ என்று கேட்டாலும் கேட்பார்! பிழை அவருடையதன்று. சாவியைத் தராதவர் பிழை. இங்கே பறிக்க எவரும் வரவில்லை. நாமே கொடுக்க மறந்தோம்.

சீனமும் இந்தியாவும் ஒன்று என்று நாம் கூறவில்லை. இங்கே இதனை எழுத முடிகிறது. நீங்கள் படிக்க முடிகிறது. ஆனால், 2023-இல் மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து உயிரினப் பரிணாமம் பற்றிய பகுதி எடுக்கப்பட்டது. காந்தியார் கொலைக்குப் பின் ஆர்.எஸ்.எஸ். தடை செய்யப்பட்டதைக் கூறிய வரிகள் பன்னிரண்டாம் வகுப்பு நூலிலிருந்து எடுக்கப்பட்டன. பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்றனர். சுமை குறைந்தது, குறைந்தது எந்தச் சுமை என்று பார்த்தீர்களா? டார்வினும் இல்லை, தடையும் இல்லை!

இதைப் பற்றி நம் இளைஞர் கேலிப் படங்கள் பல போட்டனர், நாமும் சிரித்தோம். நன்று. ஆனால், பத்தாண்டு கழித்து, அந்த வரிகளைப் படிக்காமலே வளர்ந்த பிள்ளை அக் கேலியைப் பார்த்தால் எதைப் பார்த்துச் சிரிப்பான்?

ஆகவே, கேலி எழுதும் தோழர்கள் எழுதட்டும், கூர்மையாக எழுதட்டும். அதனுடன் இன்னொன்றும் செய்வோம். ஒவ்வொரு மன்றத்திலும், ஒவ்வொரு படிப்பகத்திலும் ஒரு குறிப்பேடு வைப்போம். எடுக்கப்பட்ட வரி எது, எந்த ஆண்டு, எந்த நூல் என்று தேதியோடு எழுதி வைப்போம். 1976-இல் சிறை சென்ற முதியவர் உங்கள் ஊரில் இருந்தால், அவர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். ஞாயிறு மாலையில் நான்கு பிள்ளைகளை உட்கார வைத்து அதனைப் படித்துக் காட்டுங்கள்.

மே மாதத்திற்கு எத்தனை நாள் என்று அவர்கள் கேட்டால், 31 என்று சொல்லுங்கள். ஒரு நாட்டில் மட்டும் 35 உண்டு என்று அதன் பிறகு சொல்லத் தொடங்குங்கள்.